உலர்திராட்சையின் ஊர்ப்பெயர்கள்

பாயசத்தில் மிதக்கும் பொன்னிறத் திராட்சை பச்சைத் திராட்சையிலிருந்து வந்தது என்றும், கரும்பழுப்பாகச் சுருங்கிய திராட்சை கருந்திராட்சையிலிருந்து வந்தது என்றும் கருதுவார் பலர். கருந்திராட்சையை உலர்த்துவதும் உண்டுதான். ஆயினும் உலகச் சந்தையில் மிகுதியாக விற்கும் பழுப்பு நிறத் திராட்சையும் பொன்னிறத் திராட்சையும் ஒரே கொடியின் மக்கள். ஒரே நாளில் கொய்த பச்சைக் குலைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றை அப்படியே வெயிலில் பரப்பினால் இரண்டு மூன்று வாரங்களில் அது கரும்பழுப்பாக வற்றும். மறு கூற்றைச் சாம்பற்காரமும் எண்ணெயும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தினால் ஏறத்தாழப் பாதி நாளிலேயே வற்றிப் பொன்னிறம் காட்டும். இரண்டிலும் நாலு கிலோப் பழம் ஒரு கிலோ வற்றலாகும். கொடி ஒன்று; கைப்பக்குவம் இரண்டு; கடையில் பெயரும் இரண்டு.

ஐரோப்பிய வணிகம் உலர்திராட்சைக்கு மூன்று பெயர்களை வழக்கில் நிறுத்திற்று. கரன்ட் என்பது மிளகினும் சற்றே பெரியதாய், கறுத்து, இனிப்போடு புளிப்பும் கலந்து இருப்பது. சுல்தானா என்பது வெளிர்ந்து, மென்மையாய், இனிப்பு மேலோங்கி இருப்பது. ரெய்சின் என்பது பொதுப்பெயர்; மலாகாவின் பெரிய, மணமுள்ள, விதையுள்ள வற்றலும் அப்பெயரால் வழங்கிற்று. உண்பார்க்கு இவை சுவையின் பெயர்கள். வரலாறு நோக்குவார்க்கோ, இவற்றுள் ஒன்று துறைமுகத்தின் பெயர். மற்றொன்று எரிந்துபோன ஒரு நகரத்தை மறைத்து நிற்கும் பெயர். பெயர் தந்த ஊர் பழத்தை இழப்பதும், பழத்தைச் சுமந்து சென்ற மக்கள் பெயரில் இடம்பெறாது போவதும் இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நிகழ்ந்தன.

விதையுள்ள கொடியின் வித்தைப் பறவையும் சுமந்து செல்லும். விதையற்ற கொடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. கொடித்துண்டை ஒருவர் வெட்டி, ஈரம் உலராமல் பொதிந்து, கொண்டு சென்று நட்டாலன்றி அது ஊர் பெயராது. ஆகவே விதையற்ற திராட்சை வளரும் இடமெல்லாம் யாரோ ஒரு மனிதர் அதைக் கொண்டு வந்த இடமே.

தமிழிலும் இப்பழத்தின் பெயர் ஓரிடத்தில் நிற்கவில்லை. திராட்சை என்பது வடமொழித் திராக்ஷா. அமரகோசம் அதனோடு கோஸ்தனீ என்னும் பெயரையும் தருகிறது. பசுவின் மடிக்காம்பு போன்றது என்பது அதன் பொருள். அதுவே தமிழில் கோத்தனி என உருமாறிற்று. உரோமக் கவிஞர் வெர்ஜில் தம் வேளாண் காவியத்தில் புமாஸ்துஸ் என்றொரு திராட்சையைக் குறிக்கிறார். கிரேக்கத்திலிருந்து வந்த அச்சொல்லும் பசுவின் மடியையே சுட்டும். ஒன்றையொன்று அறியாத இரு மொழிக் கவிகள் ஒரே பழத்தில் ஒரே உவமையைக் கண்டனரோ, உவமையும் கொடியோடு பயணம் செய்ததோ, கவிஞர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவற்றினும் சுவையானது முந்திரி என்னும் சொல்லின் கதை. (320இல் ஒரு பங்கைக் குறிக்கும் கணக்குச் சொல்லான முந்திரி வேறு.) முந்திரிகை என்பது திராட்சைக் கொடியின் பெயர். மலையாளத்தில் இன்றும் முந்திரி என்றால் திராட்சைதான். உணக்கமுந்திரி என்றால் உலர்திராட்சை. ஈழத் தமிழிலும் முந்திரிகைப்பழம் திராட்சையே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து ஒரு மரத்தைக் கொண்டு வந்தனர். மலையாளம் அதைப் பறங்கிமாவு என்று வந்தவரின் பெயரால் அழைத்தது. ஈழத்தில் அது மரமுந்திரிகை ஆயிற்று. தமிழகத்திலோ புதிய மரம் பழைய கொடியின் பெயரை முழுவதுமாக எடுத்துக்கொண்டது; கொடிக்குக் கொடிமுந்திரி என்று அடை கொடுக்க வேண்டியதாயிற்று, பின் அதுவும் அருகி வடசொல்லே நிலைத்தது. இன்று பாயசத்தில் முந்திரியும் திராட்சையும் சேர்ந்து வறுபடும்போது, பெயரைப் பறித்ததும் பறிகொடுத்ததும் ஒரே நெய்யில் கிடக்கின்றன.

ஆங்கிலத்திலும் இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி, அதே நூற்றாண்டில் நடந்தது. கரன்ட் என்பது முதலில் கிரேக்க நாட்டு உலர்திராட்சை. வட ஐரோப்பியத் தோட்டங்களில் சிறு புதரில் காய்க்கும் செந்நிற, கருநிறக் கனிகள் தோற்ற ஒப்புமையால் அப்பெயரைப் பெற்றன. அவற்றிற்கும் திராட்சைக்கும் எவ்வித உறவும் இல்லை. தொலைவிலிருந்து வரும் அரும்பொருளின் பெயரைக் கைக்கெட்டிய கனிக்கு இட்டு மகிழ்வது எல்லா மொழிக்கும் பொதுவான ஆசை போலும்.

திராட்சையை வற்றலாக்கும் தொழில் மிகப் பழையது. ஓமரின் ஒதிசியில் அல்கினோஸ் மன்னனின் தோட்டத்தில் ஒரு பகுதிக் குலைகள் சமநிலத்தில் வெயிலில் காய்ந்து கொண்டிருக்கும். விவிலியத்தின் முதலாம் சாமுவேல் நூலில், சினம் கொண்டு வரும் தாவீதுக்கு அபிகாயில் கொண்டு செல்லும் உணவுப் பொருள்களுள் நூறு குலை திராட்சை வற்றலும் உண்டு. பசித்த படைக்கு வழியில் கெடாத உணவு என்பதை அந்த அம்மையார் நன்கறிந்திருந்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய கொலுமெல்லா, குலைகளைக் கொதிக்கும் சாம்பல் நீரில், சிறிது எண்ணெய் சேர்த்து, முக்கி எடுத்து உலர்த்தும் முறையை விளக்குகிறார். திராட்சைத் தோலின் மேல் மெழுகு படிந்திருக்கும். நீர் வெளியேறாமல் தடுப்பது அதுவே. காரமும் எண்ணெயும் அம்மெழுகின் அடுக்கைக் குலைக்கின்றன. நீர் விரைந்து ஆவியாகிறது. நாள் குறைவதால் பழம் கறுப்பதும் குறைகிறது. வேதியியல் விளக்கம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே உழவன் கைக்கு இது தெரிந்திருந்தது.

அக்காலத்தில் தமிழகம் இக்கொடியை அறிந்தது சாறாகத்தான். யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு பேசுகிறது. நடுநிலக்கடல் நாடுகளின் மதுச்சாடி ஓடுகள் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

கரன்டின் கதைக்கு வருவோம். கொரிந்து நகரை விவிலியம் வாசிப்போர் பவுலின் இரு திருமுகங்களால் அறிவர். இடைக்காலத்தில் இச்சிறு கருந்திராட்சை அத்துறைமுகத்தின் வழியாக மேற்கே சென்றது. 14ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கொரிந்துத் திராட்சை என்றே வழங்கிற்று. பின் அடைமொழியே பெயராகி, ஆங்கில நாவில் கொரிந்து கரன்ட் எனத் திரிந்தது. 1458இல் கொரிந்து உதுமானியர் வசமாயிற்று. 16ஆம் நூற்றாண்டில் இக்கொடி செழித்த இடங்கள் வெனிசின் ஆட்சியிலிருந்த ஜாந்தே, கெபலோனியா என்னும் தீவுகள். பெயரில் கொரிந்து, பழத்தில் ஜாந்தே. ஆங்கிலேயர் இதன்மேல் கொண்ட வேட்கை பெரிது. பண்டிகைப் பணியாரங்கள் இதுவின்றி அமையா. சிறு பழமாதலால் மாவெங்கும் பரவும்; அதன் புளிப்பு வெல்லத்தின் திகட்டலைத் தணிக்கும். தீவுகளில் தானிய நிலங்கள் திராட்சைத் தோட்டங்களாயின. உணவுத் தானியத்திற்கு வெளிநாட்டுக் கப்பலை எதிர்நோக்கும் நிலை வந்தது. 1580இல் வெனிசு அரசு இதன் ஏற்றுமதி மீது புதிய வரி விதித்தது.

இத்திராட்சை இங்கிலாந்தின் அரசியல் வரலாற்றிலும் புகுந்தது. கீழைக்கரை நாடுகளோடு வணிகம் நடத்திய லெவாந்து கும்பினியைச் சேர்ந்த ஜான் பேட் என்னும் வணிகர் 1606இல் கரன்ட் சரக்கின் மீது மன்னர் விதித்த கூடுதல் வரியைக் கட்ட மறுத்தார். நாடாளுமன்றம் ஒப்பிய வரி ஓர் அந்தருக்கு இரண்டரை ஷில்லிங். அதன்மேல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் தம் ஆணையால் ஐந்து ஷில்லிங் ஏற்றியிருந்தார். நாடாளுமன்றத்தின் இசைவின்றி மன்னர் வரி விதிக்கலாமா என்பது வினா. கருவூல நீதிமன்றம் மன்னர் பக்கம் தீர்ப்பளித்தது. தீர்ப்பால் வினா அடங்கவில்லை. 1610இல் நாடாளுமன்றத்தில் அது வெடித்தது. 1642இல் மூண்ட உள்நாட்டுப் போருக்கு இட்டுச் சென்ற வழக்குகளின் வரிசையில் பேட் வழக்கையும் வரலாற்றாசிரியர் வைப்பர். உப்புக்கு வரி என்றால் நம்மவர்க்கு உடனே விளங்கும். பணியாரத்தில் இடும் திராட்சைக்கு விதித்த வரி ஒரு முடியாட்சியின் எல்லையை வினவியது என்பது எளிதில் நம்பத்தக்கதாய் இல்லை. ஆயினும் வழக்கு ஏட்டில் இருப்பது அதுவே.

கிரேக்கம் விடுதலை பெற்ற பின் பெலொப்பொனேசுத் தீபகற்பத்தின் வடக்குக் கரையும் மேற்குக் கரையும் கரன்டுத் தோட்டமாயின. பத்ராஸ் துறைமுகம் அதனால் வளர்ந்தது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பில்லாக்சரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. மதுவின்றி வாழவியலாத பிரெஞ்சுக்காரர் கிரேக்கத்தின் உலர்திராட்சையை வாங்கி, ஊறவைத்து, மது வடித்தனர். விலை ஏறிற்று. கிரேக்க உழவர் ஒலிவ மரங்களையும் வெட்டிக் கொடி நட்டனர். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரு பழமே என்ற நிலை வந்தது. பிரான்சு அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித் தன் தோட்டங்களை மீட்டுக்கொண்டது. 1892இல் சுங்கவரியை உயர்த்திக் கதவை அடைத்தது. 1893இல் கரன்ட் விலை சரிந்தது. அவ்வாண்டு திசம்பரில் திரிகூப்பிஸ் தலைமையிலான அரசு கடனைத் திருப்பித்தர இயலாமையை அறிவித்தது. கொரிந்துக் கால்வாயில் கப்பல்கள் செல்லத் தொடங்கியதும் அதே 1893தான். பெயருக்குரிய ஊரில் கப்பல் வழி திறந்தபோது, பெயர் பெற்ற பழத்தை வாங்க ஆளில்லை.

1895இல் கிரேக்க அரசு தேக்கச் சட்டம் கொணர்ந்தது. ஏற்றுமதி செய்வோர் ஒரு பங்கைச் சரக்காகவே அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அப்பங்கு சந்தைக்கு வராமல் சாராயத்திற்கும் மதுவிற்கும் போகும். எஞ்சியதன் விலை நிற்கும் என்பது கணக்கு. கணக்கு உழவனின் கடனைத் தீர்க்கவில்லை. 1890க்கும் 1914க்கும் இடையே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிரேக்கர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். முதல் அலையில் பெலொப்பொனேசுவின் ஊர்களே முந்தின.

மலாகாவைப் பற்றிச் சிறிதே சொல்லவேண்டும். தென் ஸ்பெயினின் அவ்வூர் வற்றல் அலெக்சாந்திரிய மஸ்கட் என்னும் விதையுள்ள பெரும்பழத்தால் ஆவது. தெற்கு நோக்கிய மலைச்சரிவில் பாத்தி கட்டி, காரநீரில் தோய்க்காது, பகலில் வெயில் காட்டி, இரவில் பனி படாமல் மூடி உலர்த்துவர். காய்ந்தபின் காம்பிலிருந்து பழத்தைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாகப் பெண்கள் நறுக்கி எடுப்பர். மணத்தில் இதற்கு நிகரில்லை. 1878இல் பில்லாக்சரா அங்கும் வந்தது; அதன்பின் பழைய பெருமை திரும்பவில்லை. தமிழகத்தோடு இக்கொடிக்கு ஓர் உறவு உண்டு. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ஹாம்பர்க் மஸ்கட் என்னும் இனம். அதன் பெற்றோருள் ஒன்று அலெக்சாந்திரிய மஸ்கட் என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் மணம் மலாகாவின் வற்றலுக்குத் தாயாதி.

இனிச் சுல்தானா. விவிலியத்தின் திருவெளிப்பாட்டில் சிமிர்னா என்று வரும் நகரமே இன்றைய துருக்கியின் இஸ்மீர். அந்நகரின் உள்நாட்டில், மனிசாச் சமவெளியில், விதையற்ற பச்சைத் திராட்சை விளைந்தது. சாம்பற்காரத்தையும் ஒலிவ எண்ணெயையும் குளிர்ந்த நீரில் கலந்து குலைகளைத் தோய்த்து உலர்த்தும் முறை அங்கே முதிர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் இட்ட இருப்புப்பாதை சமவெளியின் சரக்கைத் துறைமுகத்திற்குக் கொணர்ந்தது. சிமிர்னா ஒருமொழி நகரமன்று. துருக்கியர், கிரேக்கர், ஆர்மீனியர், யூதர், ஐரோப்பிய வணிகக் குடும்பத்தினர் எனப் பல இனத்தார் அங்கே ஒரே சந்தையில் விலை பேசினர்.

1919இல் கிரேக்கப் படை அங்கே இறங்கியது. மூன்றாண்டுப் போரின் முடிவில், 1922 செப்டம்பர் 9இல் துருக்கிப் படை நகருள் நுழைந்தது; 13இல் தீ மூண்டது. கிரேக்கர் பகுதியும் ஆர்மீனியர் பகுதியும் எரிந்தொழிந்தன. கடற்கரை மேடையில், முன்னே நீரும் பின்னே நெருப்புமாக, மக்கள் நாட்கணக்கில் நின்றனர். மற்ற ஆண்டுகளில் அம்மாதம், சமவெளியில் உலர்த்தி முடிந்த திராட்சை அதே மேடைக்கு வந்து சேரும் மாதம். 1923 ஜனவரி 30இல் லோசான் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை இரு நாட்டு மக்களைச் சமயத்தின்படி மாற்றிக்கொள்ள வகை செய்தது. தப்பி ஓடியவரையும் சேர்த்துச் சற்றேறக்குறைய 12 லட்சம் கிறித்தவர் கிரேக்கத்திற்கும், ஏறத்தாழ நாலு லட்சம் முசுலிம்கள் துருக்கிக்கும் பெயர்ந்தனர். கிரேக்க மொழி தெரியாத கிறித்தவரும் துருக்கி மொழி தெரியாத முசுலிம்களும் அவர்களுள் இருந்தனர்.

அகதிகளில் ஒரு சாரார் கிரீட் தீவில் குடியேற்றப்பட்டனர். முசுலிம்கள் விட்டுச் சென்ற நிலத்தில் அவர்கள் சுல்தானாக் கொடியைப் பெருக்கினர். தோய்த்து உலர்த்தும் பக்குவமும் அவர்கள் கையோடு வந்தது. ஈராக்ளியோன் நகரைச் சூழ்ந்த ஊர்கள் சில ஆண்டுகளில் சுல்தானா நாடாயின. கிரேக்கர் அதைச் சுல்தானினா என்பர். தம்மைத் துரத்திய நாட்டின் அரசப்பெயரைத் தாம் வளர்த்த பழத்திற்கு விட்டுவைத்தனர். மனிசாச் சமவெளியோ துருக்கிய உழவர் கையில் மீண்டும் தழைத்தது. இன்றும் உலகின் உலர்திராட்சை வணிகத்தில் துருக்கி முன்னணியில் நிற்கிறது. சிமிர்னாத் திராட்சை என்ற பெயர் மட்டும் சந்தையில் மெல்ல மங்கியது. பழம் உயிர் பிழைத்தது. அதை விலை பேசிய பன்மொழிச் சந்தை பிழைக்கவில்லை. இவ்வரலாற்றில் ஈடுசெய்ய முடியாத இழப்பு எது என்று கேட்டால், அந்தச் சந்தையைத்தான் சொல்லவேண்டும்.

இதே கொடியின் கிழக்குப் பெயர் கிஷ்மிஷ். பாரசீகச் சொல்லான இதுவே தமிழில் கிஸ்மிஸ். ஆப்கானிஸ்தானத்தில் இதை வெயில் படாமலும் உலர்த்துவர். கிஷ்மிஷ்கானா எனப்படும் மண்வீட்டின் தடித்த சுவர்களில் நெடுகக் கீற்றுத் துளைகள் இருக்கும். உள்ளே கழிகளில் குலைகளைத் தொங்கவிடுவர். காற்று மட்டும் நுழைந்து வற்றச் செய்யும். வெயில் காணாத இப்பழம் பச்சை நிறம் மாறாது. கொதிநீரில் முக்கி உலர்த்துவது ஆப்ஜோஷ். தாகூர் 1892இல் எழுதிய காபூலிவாலா கதையில் கல்கத்தாச் சிறுமியின் மடியில் விழும் திராட்சையும் பருப்பும் இந்நாட்டிலிருந்து வந்தவையே. 1979இல் தொடங்கிய போர்கள் இத்தோட்டங்களை விடவில்லை. 1999இல் தாலிபான் படை காபூலுக்கு வடக்கே உள்ள ஷொமாலிச் சமவெளியின் திராட்சைக் கொடிகளை வெட்டியும் எரித்தும் மக்களைத் துரத்தியது. 2006இல் காந்தகாருக்கு மேற்கே நடந்த சண்டையில் உலர்த்தும் வீடுகள் பதுங்கு கோட்டைகளாயின. காற்றுக்காக விட்ட துளைகளில் துப்பாக்கி முனைகள் நீண்டன. குண்டு துளைக்க அரிதாய் இருந்தன அந்த மண்சுவர்கள்.

சுல்தானா என்றும் கிஷ்மிஷ் என்றும் வழங்கிய கொடி அமெரிக்காவில் மூன்றாவது பெயர் பெற்றது. 1872இல் வில்லியம் தாம்சன் என்பவர் நியூயார்க் மாநில நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து கொடித்துண்டுகளைக் கலிபோர்னியாவுக்கு வருவித்து நட்டார். பிழைத்தது ஒன்று. அதன் வழிவந்தவை தாம்சன் விதையிலி எனப்பட்டன. மனிசாவின் கொடிக்கும் இதற்கும் வேறுபாடில்லை. அங்கே பெரும்பாலும் தோய்க்காமல், வரிசைகளுக்கிடையே தாளை விரித்து வெயிலில் உலர்த்தினர். முன்பு அங்கே மஸ்கட்டே ஆட்சி செய்தது. அதன் விதையை நீக்க எந்திரம் தேவைப்பட்டது. நீக்கியபின் பழம் பிசுபிசுத்தது. விதையிலி வந்ததும் மணமுள்ள மஸ்கட் தோற்றது. வசதி சுவையை வென்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

பிரெஸ்னோ நகரைச் சூழ்ந்த தோட்டங்களில் 1880களிலிருந்து ஆர்மீனியர் குடியேறினர்; 1890களின் படுகொலைகளும் 1915இன் பேரழிவும் மேலும் பலரை அங்கே தள்ளின. தாய்நாட்டில் அறிந்த கொடியை அவர்கள் அந்நிய மண்ணில் மீண்டும் கண்டனர். நகரின் பல பகுதிகளில் ஆர்மீனியர்க்கு வீடு விற்கலாகாது என்று பத்திரங்களில் எழுதிவைத்த காலம் அது. எழுத்தாளர் வில்லியம் சரோயன் 1908இல் அங்கேதான் பிறந்தார். அத்தோட்டங்களும் அம்மக்களும் அவர் கதைகளில் வாழ்கின்றன. 1912இல் உழவர்கள் சங்கம் அமைத்தனர். 1915இல் சன்மெய்ட் என்ற வணிகப்பெயர் பிறந்தது; சிவப்புத் தலைமறைப்பணிந்த பெண்ணின் படம் அதன் சின்னமாயிற்று. சிமிர்னா எரிந்த 1922ஆம் ஆண்டில் சங்கமே அப்பெயரைச் சூடிக்கொண்டது. ஆஸ்திரேலியாவிலும் பெயரின் போக்கு மாறியது. சாஃபி உடன்பிறந்தார் 1887இல் நீர்ப்பாசனம் தொடங்கிய மில்தூராப் பகுதிக்கு, 1919இல் உலர்திராட்சை விளம்பரத்திற்காகப் படைத்த ஒரு சொல்லாட்டத்திலிருந்து சன்ரேசியா என்ற பெயர் வந்தது. கொரிந்து பழத்திற்குப் பெயர் தந்தது. இங்கே பழம் ஊருக்குப் பெயர் தந்தது.

கிரேக்கத்தின் தேக்கச் சட்டம் அமெரிக்காவிலும் வேறு உருவில் வந்தது. 1949இல் விலையைக் காக்கும் ஆணையின்படி, உழவர் சில ஆண்டுகளில் விளைச்சலில் ஒரு பங்கை ஒதுக்கிருப்பாக ஒப்படைக்க வேண்டியிருந்தது. 2002-03இல் அப்பங்கு நூற்றுக்கு 47. அடுத்த ஆண்டு 30. ஹார்ன் என்னும் உழவர் குடும்பம் கொடுக்க மறுத்தது. ஏறத்தாழ ஏழு லட்சம் டாலர் கட்டுமாறு அரசு கேட்டது. 2015 ஜூன் 22இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இவ்வாறு ஈடின்றி எடுப்பது அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. 1606இல் ஜான் பேட் தோற்றார். 409 ஆண்டுகள் கழித்து, வேறு நாட்டில், வேறு சட்டத்தின் கீழ், அரசுக்கும் உலர்திராட்சைக்கும் நடந்த வழக்கில் திராட்சை வென்றது.

இந்தியாவில் இக்கொடி தாம்சன் பெயரோடே வந்து மகாராட்டிரத்தில் வேரூன்றியது. உப்பேறிய மண்ணைத் தாங்கும் அமெரிக்க இன வேர்ச்செடியை முதலில் நட்டு, அதன் மேல் விதையிலியை ஒட்டுக்கட்டுவது இப்போதைய வழக்கம். சாங்கிலி மாவட்டத்துத் தாஸ்காவ் வட்டாரம் உலர்திராட்சைக்குப் பேர்பெற்றது. சாங்கிலித் திராட்சை 2016இல் புவிசார் குறியீடு பெற்றது. குலைகளைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஒலியேட் என்னும் எண்ணெயும் கலந்த நீரில் முக்கி, கூரையிட்ட பந்தலில் அடுக்கடுக்காகக் கட்டிய வலைமேல் பரப்பி, நிழலில் இரண்டு மூன்று வாரம் உலர்த்துகின்றனர். முக்குவது சிமிர்னாவின் பக்குவம்; நிழல் காட்டுவது காபூலின் பக்குவம். இங்கிருந்து தமிழகத்துக்கு வரும் வற்றல், கடைக்கு வந்ததும் கிஸ்மிஸ் ஆகிறது. தாஸ்காவ் ஏலக்கூடத்தில் அதன் பெயர் பேதாணா. மராத்தியில் நிலைத்துவிட்ட அப்பாரசீகச் சொல்லுக்கு விதையில்லாதது என்று பொருள்.